கல்யாணப் பத்திரிகையில் பட்டன் வைக்கிறீங்களா? தட்டினா திறக்கணும்!

தர்மபுரிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால், இப்போது பத்திரிகை ரெண்டு வடிவத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. ஒன்று, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நேரில் கொடுக்கிற அட்டை. இன்னொன்று, பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று வேலைக்குப் போன சொந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் பறக்கிற பிடிஎஃப்.

ரெண்டுமே ஒரே டி.டி.பி சென்டரில், ஒரே கம்ப்யூட்டரில் பிறந்ததுதான். ஆனால், அட்டையைக் கையில் வாங்குகிறவர் படிப்பார். பிடிஎஃப்பைத் திறக்கிறவர் தட்டிப் பார்ப்பார். மண்டபத்தின் பெயரைத் தட்டினால் மேப் வருமா, போன் நம்பரைத் தட்டினால் கால் போகுமா என்று விரல் தானாகவே தேடும். அதனால்தான் "பத்திரிகையில லொகேஷன் பட்டன் வெச்சுக் குடுங்கண்ணா" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

இந்த மாதிரி தட்டினால் வேலை செய்கிற அம்சங்களைத்தான் டிசைன் பாஷையில் 'இன்டராக்டிவ் எலிமென்ட்ஸ்' என்கிறார்கள். லிங்க், பட்டன், க்யூஆர் கோடு, ஆடியோ எல்லாம் இதில் அடக்கம். வைப்பது சுலபம். வாங்குகிறவர் போனில் அது வேலை செய்கிற மாதிரி வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம், வாங்க.

பத்திரிகை 'ஸ்மார்ட்' ஆன கதை

1985-ல் ஆல்டஸ் நிறுவனம் 'பேஜ்மேக்கர்' மென்பொருளைக் கொண்டுவந்தது. அதுவரை அச்சுக்கோத்துச் செய்த வேலையை, மேசையில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரிலேயே செய்யலாம் என்று ஆனது. டெஸ்க்டாப் பப்ளிஷிங், அதாவது நம்ம ஊர் போர்டுகளில் இருக்கிற 'டி.டி.பி', அங்கிருந்து வந்த பெயர்தான். 1993-ல் அடோபி நிறுவனம் பிடிஎஃப்பை அறிமுகப்படுத்தியது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் அப்படியே தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். அடுத்த வருடமே, 1994-ல், ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு க்யூஆர் கோடை உருவாக்கியது. கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கத்தான் அது முதலில் பயன்பட்டது. 1999-ல் வந்த 'இன்டிசைன்' மெல்ல மெல்ல பேஜ்மேக்கரின் இடத்தைப் பிடித்தது.

இந்த எல்லாத்தையும் ஒரே பத்திரிகையில் கொண்டுவந்து சேர்த்தது ஸ்மார்ட்போனும் கொரோனாவும். 2021 ஜனவரியில் மதுரைக் கல்யாணம் ஒன்றின் பத்திரிகை நாடு முழுக்க வைரலானது ஞாபகம் இருக்கா? மொய் அனுப்ப வசதியாக கூகுள் பே, போன்பே க்யூஆர் கோடுகளை அதில் அச்சடித்திருந்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில், 2004 வரை தர்மபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியின் சிவலிங்கபுரம் கிராமத்தில் நடந்த கல்யாணத்துக்கு, மெட்டாவெர்ஸில் ரிசப்ஷனே வைத்தார்கள்.

அவ்வளவு தூரம் நாம் போகத் தேவையில்லை. வருகிறவர்கள் சரியான மண்டபத்துக்கு, சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தாலே பாதி சந்தோஷம்!

லிங்க் என்பது ஒரு கண்ணாடிச் சட்டம்

பிடிஎஃப்பில் நீல நிறத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டினால் மேப் திறக்கிறது. அந்த எழுத்துதான் லிங்க் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் எழுத்துக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. அந்த எழுத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகத்தை மென்பொருள் ஒட்டி வைத்திருக்கும். 'பக்கத்தில் இந்த இடத்தில் ஆரம்பித்து இந்த இடம்வரை யாராவது தொட்டால், இந்த முகவரியைத் திற' என்பது அதில் இருக்கும் கட்டளை. போட்டோவின் மேல் கண்ணாடிச் சட்டம் வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இது புரிந்துவிட்டால், அடிக்கடி வரும் ஒரு புகாருக்குக் காரணம் பிடிபட்டுவிடும். "கடையில தட்டினப்போ வேலை செஞ்சுது, சொந்தக்காரங்களுக்கு அனுப்பினதும் செய்யல" என்பார்கள். என்ன நடந்திருக்கும்? பிடிஎஃப்பை வாங்கிய யாரோ ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட்டிருப்பார். அல்லது "ஜேபெக்கா குடுங்க, ஸ்டேட்டஸ்ல வைக்கணும்" என்று கேட்டு வாங்கியிருப்பார்கள். ஸ்க்ரீன்ஷாட்டும் ஜேபெக்கும் வெறும் படங்கள். போட்டோவை மட்டும் போட்டோ எடுத்தால் கண்ணாடி கூட வருமா? மேல் ஒட்டியிருந்த செவ்வகங்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கேலரி வழியாகப் போகாமல், 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள். ஸ்டேட்டஸுக்குத் தனியாக ஒரு படம் வைத்துக்கொள்ளலாம். மேப் லிங்க்கை அந்தப் படத்துக்குக் கீழே கேப்ஷனாகத் தட்டச்சு செய்துவிட்டால் போதும்.

போனில் எது ஓடும், எது ஓடாது?

இன்டிசைனைத் திறந்தால் இன்டராக்டிவ் மெனுவில் ஏகப்பட்ட ஐட்டங்கள் இருக்கும். எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால், அவை பெரும்பாலும் கம்ப்யூட்டரில் அக்ரோபட் ரீடரில் பார்ப்பவரை மனதில் வைத்துச் செய்தவை. நம்ம பத்திரிகையைத் திறக்கப்போவது போனில் இருக்கும் ஏதோ ஒரு பிடிஎஃப் வியூவர். எந்த வியூவர் என்பது நம் கையில் இல்லை.

*ஹைப்பர்லிங்க்:* ஏறக்குறைய எல்லா வியூவர்களிலும் ஓடும். இதை நம்பலாம்.

*பட்டன்:* இன்டிசைனில் 'பட்டன்ஸ் அண்ட் ஃபார்ம்ஸ்' வழியாகச் செய்யும் பட்டன், பிடிஎஃப்புக்குள் போனதும் படிவத்தின் ஒரு கட்டமாக மாறிவிடும். விண்ணப்பப் படிவத்தில் டிக் அடிக்கிற பெட்டி இருக்கும் இல்லையா, அந்த ஜாதி. படிவங்களைக் கண்டுகொள்ளாத வியூவரில் இந்தப் பட்டனும் செத்துப்போகும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: பட்டன் மாதிரி ஒரு படம் வரைந்து, அதன் மேல் சாதாரண ஹைப்பர்லிங்க் வையுங்கள். பார்க்க பட்டன், வேலை செய்வது லிங்க்.

*ஆடியோ, வீடியோ:* ஃபைலுக்குள்ளேயே புதைத்து வைக்கலாம்தான். ஆனால், பெரும்பாலான போன்களில் ஓடாது. ஃபைல் சைஸ் மட்டும் ஏறும். வீடியோவை வெளியே ஏற்றிவிட்டு அதற்கு லிங்க் கொடுப்பதே நல்லது.

*அனிமேஷன், பக்கம் புரளும் எஃபெக்ட்:* நிஜப் புத்தகம் மாதிரி ஓரம் மடங்கிப் புரளும் அந்த எஃபெக்ட், இன்டிசைனில் ஃப்ளாஷை நம்பி இருந்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷுக்கு அடோபி மூடுவிழா நடத்திவிட்டது. பிடிஎஃப்பில் இதற்கு ஆசைப்படாதீர்கள்.

ஆக, கையில் மிஞ்சுவது ஹைப்பர்லிங்க் ஒன்றுதான். சாதாரணமாகத் தெரியும். ஆனால், ஒரு கல்யாணப் பத்திரிகைக்குத் தேவையான எல்லாத்தையும் அதை வைத்தே முடித்துவிடலாம்.

மூணு லிங்க் போதும்

1. மண்டபத்துக்கு வழி

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியும் இருக்கிறது, பாப்பிரெட்டிப்பட்டியும் இருக்கிறது. தர்மபுரி டவுனிலிருந்து ஒன்று வடமேற்கே, இன்னொன்று தென்கிழக்கே. பெங்களூருவிலிருந்து விடியற்காலை முகூர்த்தத்துக்குக் காரில் வருகிறவர், மேப்பில் 'பாப்பா...' என்று தட்டச்சு செய்து, முதலில் வரும் பெயரைத் தட்டிவிட்டால் என்ன ஆகும்? தாலி கட்டும் நேரத்துக்கு அவர் எதிர்த்திசையில் ஏதாவது டீக்கடையில் வழி கேட்டுக்கொண்டிருப்பார்.

அதனால் ஊர்ப் பெயரைத் தேடவிடாமல், நேராக மண்டபத்தின் பின்னைக் கொடுங்கள். கூகுள் மேப்ஸில் மண்டபத்தைத் திறந்து, 'ஷேர்' தட்டினால் லிங்க் கிடைக்கும். மண்டபம் மேப்பில் இல்லாத சின்ன ஊர் என்றால், வாசலில் நின்றுகொண்டு மேப்பை விரலால் அழுத்திப் பிடியுங்கள். பின் விழும். அந்தப் பின்னை ஷேர் செய்யலாம். வாசலில் நின்றே வையுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பின் நூறு மீட்டர் தள்ளி விழுந்தாலும், நெடுஞ்சாலையின் அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

2. ஒரு போன் கால்

'தங்கள் அன்புள்ள' என்று அச்சடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பரைத் தட்டினால் டயலர் திறக்க வேண்டும். இன்டிசைனில் ஹைப்பர்லிங்க் பெட்டியில் இணைய முகவரி கேட்கும் இடத்தில், டி, ஈ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஒரு முக்காற்புள்ளி, பிறகு கூட்டல் குறியோடு 91, அதன் பின் பத்து இலக்க நம்பர். இடைவெளி விடாமல் அடித்தால் வேலை முடிந்தது. கல்யாண நாளில் மாப்பிள்ளை, பெண் நம்பரைக் கொடுக்காதீர்கள். மண்டபத்தில் சும்மா நடந்துகொண்டிருக்கும் ஒரு சித்தப்பா நம்பர்தான் சரி!

3. ஒரு குரல்

பலருக்குத் தோன்றாத விஷயம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 சதவீதம். அப்போதிருந்த 32 மாவட்டங்களில் கடைசி இடம்; மாநிலச் சராசரி 80 சதவீதம். அதாவது, நாம் அனுப்பும் பத்திரிகை போய்ச்சேரும் வீடுகளில், அதைப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. கையில் போன் இருக்கும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பத் தெரியும். எழுத்துதான் தெரியாது.

அவர்களுக்காக, வீட்டுப் பெரியவர் ஒருவரின் குரலில் அழைப்பைப் பதிவு பண்ணுங்கள். 'நம்ம பேத்திக்குக் கல்யாணம், வர்ற தை மாசம், இன்ன தேதி, இந்த மண்டபம், எல்லாரும் குடும்பத்தோட வந்துடுங்க' என்று அரை நிமிடம் பேசினால் போதும். அதை கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் எடுங்கள். 'லிங்க் உள்ள யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று அனுமதியை மாற்ற மறக்காதீர்கள். மாற்றாவிட்டால் பாட்டியிடம் அது 'அனுமதி கேள்' என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். பத்திரிகையில் பெரிதாக ஒரு ஸ்பீக்கர் படம் வரைந்து, அதன் மேல் இந்த லிங்க்கை வைத்துவிடுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் அந்தப் படம் புரியும்.

'போன்லயே அனுப்பிட்டாங்க, நேர்ல வந்து கூப்பிடல' என்கிற மனக்குறை நம்ம ஊரில் லேசில் ஆறாது. இந்தக் குரல் அதை முழுசாகச் சரிசெய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால், பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கும் கூப்பிடாததுக்கும் நடுவில் இது ஒரு படி மேல்.

இன்டிசைனில் எப்படி வைப்பது?

படத்தையோ எழுத்தையோ செலக்ட் செய்யுங்கள். விண்டோ மெனுவில் 'இன்டராக்டிவ்', அதற்குள் 'ஹைப்பர்லிங்க்ஸ்'. புது ஹைப்பர்லிங்க் உருவாக்கி முகவரியை ஒட்டுங்கள். கடைசியில் ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட்' போய், ஃபார்மட்டில் 'அடோபி பிடிஎஃப் இன்டராக்டிவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அச்சுக்கான 'பிரின்ட்' ஃபார்மட்டிலும் லிங்க்குகளைச் சேர்க்க ஒரு டிக் பாக்ஸ் இருக்கிறது. அதை டிக் செய்யாமல் விட்டால், பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், தட்டினால் ஒன்றும் நடக்காது.

ஒரே ஃபைலை பிரஸ்ஸுக்கும் போனுக்கும் கொடுக்காதீர்கள். பிரஸ்ஸுக்கு சிஎம்ஒய்கே நிறம், ஓரத்தில் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் ப்ளீடு எல்லாம் வேண்டும். போனுக்கு ஆர்ஜிபி, குறைந்த ஃபைல் சைஸ், நீளவாக்கில் 1080-க்கு 1920 பிக்சல் பக்கம் என்றால் ஸ்க்ரீனில் கச்சிதமாக உட்காரும். அட்டையின் லே-அவுட்டை அப்படியே அனுப்பினால், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே இருக்கும் சொந்தபந்தப் பட்டியலை பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கணும். தட்டுகிற இடமும் பெரிதாக இருக்கட்டும். போன் ஸ்க்ரீனில் பார்க்கும்போது விரல் நுனி அளவு, கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர், இருந்தால்தான் குறி தப்பாது.

இன்டிசைன் இல்லையா? கவலை வேண்டாம். கேன்வாவில் எலிமென்ட்டைத் தொட்டு லிங்க் சேர்த்து, 'பிடிஎஃப் ஸ்டாண்டர்ட்' ஆக டவுன்லோடு செய்யலாம். 'ஃப்ளாட்டன்' என்பதை மட்டும் டிக் பண்ணாம விடுங்க. 'ஸ்க்ரைபஸ்' இலவச மென்பொருள், அதிலும் லிங்க் வைக்கலாம். கோரல் டிராவிலோ போட்டோஷாப்பிலோ டிசைன் முடித்துவிட்டீர்கள் என்றால், பிடிஎஃப் ஆக்கிய பிறகு அக்ரோபட் புரோவில் திறந்து, வேண்டிய இடத்தில் லிங்க் கட்டத்தை வரைந்துவிடலாம். கண்ணாடிச் சட்டத்தைக் கடைசியில் மாட்டுவது மாதிரிதான்.

அட்டையில் க்யூஆர்: மஞ்சளும் தங்க ஃபாயிலும்

அட்டையைத் தட்டினால் ஒன்றும் திறக்காது. அங்கே லிங்க்கின் வேலையைச் செய்வது க்யூஆர் கோடு. இன்டிசைனிலேயே 'ஆப்ஜெக்ட்' மெனுவில் 'ஜெனரேட் க்யூஆர் கோடு' இருக்கிறது. வெளி வெப்சைட் எதுவும் தேவையில்லை. ஆனால், கல்யாணப் பத்திரிகையில் க்யூஆருக்குச் சில எதிரிகள் உண்டு.

முதல் எதிரி, மஞ்சள். பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுவது நம்ம வழக்கம். டிசைனர்கள் க்யூஆரைக் கொண்டுபோய் வைப்பதும் அதே மூலையில்தான்! க்யூஆரின் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்து அது தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். இதற்கு நாலு நிலைகள் உண்டு: சுமார் 7, 15, 25, 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும். ஆனால், அதன் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள்தான் கேமராவுக்கு அடையாளம். மஞ்சள் அதை மறைத்துவிட்டால் கேமராவுக்கு அங்கே க்யூஆர் இருப்பதே தெரியாமல் போகலாம். அதனால், க்யூஆரைப் பத்திரிகையின் மூலையிலிருந்து தள்ளி உள்பக்கமாக வையுங்கள்.

இரண்டாவது எதிரி, தங்க ஃபாயில். மெரூன் நிறப் பின்னணியில் தங்க நிற க்யூஆர் பார்க்க ஜொலிக்கும். ஆனால், வெளிச்சம் பட்டால் பளபளக்கும். வெளிர் பின்னணியில் அடர் கட்டங்கள் என்ற வழக்கமும் தலைகீழாகிவிடும். சில போன்கள் படிக்கும், சில படிக்காது. வெள்ளையோ வெளிர் நிறமோ பின்னணியாக வைத்து, கருப்பில் அச்சடிப்பதே பத்திரம். சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடணும். பூ, கொடி, பிள்ளையார் சுழி எதுவும் அந்த வெற்றிடத்துக்குள் நுழையக் கூடாது.

அளவு? எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு என்பது எளிய கணக்கு. கையில் பிடித்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் ஸ்கேன் செய்யும் அட்டைக்கு 2 சென்டிமீட்டர் போதும். மண்டப வாசல் ஃப்ளெக்ஸில் 2 மீட்டர் தூரத்திலிருந்து என்றால் 20 சென்டிமீட்டர் வேண்டும். லிங்க் நீளமாக ஆக கட்டங்கள் பெருகும். மிகச் சின்ன க்யூஆரில் பக்கத்துக்கு 21 கட்டம், மிகப் பெரியதில் 177. சின்ன இடத்தில் நீளமான லிங்க்கைத் திணித்தால் எறும்புப் புற்று மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது எதிரி, கண்ணுக்கே தெரியாது. இலவசமாக க்யூஆர் செய்துதரும் சில தளங்கள், உங்கள் லிங்க்குக்குப் பதிலாகத் தங்கள் தளத்தின் லிங்க் ஒன்றை உள்ளே வைத்து, அங்கிருந்து உங்கள் லிங்க்குக்குத் திருப்பிவிடும். 'டைனமிக் க்யூஆர்' என்பது இதுதான். இலவச நாள்கள் முடிந்ததும், பணம் கட்டினால்தான் திறக்கும் என்று சொல்லலாம். அதற்குள் நீங்கள் 500 அட்டை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருப்பீர்கள். எனவே, ஸ்கேன் செய்யும்போது போன் காட்டும் முகவரி உங்கள் லிங்க்தானா என்று அச்சுக்கு முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். அதே க்யூஆரை பிடிஎஃப்பிலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிடிஎஃப் திறந்திருப்பதே போனில். அதே போனால் அதை எப்படி நேராக ஸ்கேன் செய்வது? பிடிஎஃப்பில் க்யூஆர் படத்தின் மேல் அதே லிங்க்கையும் வைத்துவிட்டால், தட்டியே திறந்துகொள்ளலாம்.

பாடப்புத்தகம் கற்றுத்தரும் பாடம்

'க்யூஆர் எல்லாம் சிட்டிக்காரங்களுக்கு' என்று யாராவது சொன்னால், வீட்டில் இருக்கும் பள்ளிப் பாடப்புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். 2018-ல் 1, 6, 9, 11-ம் வகுப்புகளுக்கு வந்த தமிழ்நாடு அரசின் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடுகள் இடம்பெற்றன. அடுத்தடுத்து மற்ற வகுப்புகளுக்கும் வந்தன. பென்னாகரம் ஆனாலும் அரூர் ஆனாலும், அரசுப் பள்ளிப் பிள்ளையின் பையில் இருப்பது தட்டச்சும் லே-அவுட்டும் க்யூஆரும் சேர்ந்த ஒரு இன்டராக்டிவ் புத்தகம்தான்.

பாடநூல்களுக்கான மத்திய அரசின் 'தீக்‌ஷா' தளத்தில் ஒரு நல்ல யோசனை உண்டு. க்யூஆருக்குக் கீழே ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீட்டையும் அச்சடிப்பார்கள். கேமரா உடைந்திருந்தால், கோடு கிழிந்திருந்தால், அந்த ஆறைத் தட்டச்சு செய்தாலே பாடம் திறக்கும். ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது.

பத்திரிகைக்கும் இதே பாடம்தான். மேப் லிங்க் இருக்கிறதே என்று, 'இன்ன ரோட்டில், இந்த பஸ் ஸ்டாப்புக்கு எதிரில்' என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலைக்கிராமத்திலிருந்து கிளம்புகிறவருக்கு வழியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். டேட்டா தீர்ந்திருக்கலாம். பட்டன் எதுவுமே வேலை செய்யாத போனிலும், பத்திரிகை பத்திரிகையாக இருக்கணும்: தேதி, நேரம், இடம், நம்பர் நாலும் எழுத்தில்.

எழுத்துரு என்னும் உள்குத்து

நம்ம டி.டி.பி சென்டர்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. ஸ்க்ரீனில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். ஆனால், ஃபைலுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். பிடிஎஃப்பில் மண்டபத்தின் பெயரை காப்பி செய்து மேப்பில் ஒட்டினால், அந்த ஆங்கில எழுத்துகள்தான் வந்து விழும். பார்வைக் குறைபாடு உள்ளவர் போனை வாசிக்கச் சொன்னாலும் அதே கதிதான்.

யூனிகோடில் இந்தத் தொல்லை பெருமளவு இருக்காது. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது. இன்டிசைனில் யூனிகோடு தமிழ் அடிக்கும்போது 'கொ', 'தெ' எல்லாம் கொம்பு இடம் மாறி உடைந்து தெரிந்தால், பாராகிராஃப் செட்டிங்கில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் பிரச்னை இருக்கும்.

மொய் க்யூஆர், கூடவே ஒரு எச்சரிக்கை

மொய்க்கு க்யூஆர் வைக்கலாமா என்பது அந்தந்த வீட்டு விருப்பம். 'அழைக்கும்போதே காசு கேக்கிறாங்க' என்ற பேச்சு வேண்டாம் என்றால், முதல் பக்கத்தைத் தவிர்த்துக் கடைசிப் பக்கத்தில் வைக்கலாம். க்யூஆருக்குக் கீழே, பணம் யார் பெயரில் போகும் என்று எழுதுங்கள். ஸ்கேன் செய்ததும் யூபிஐ ஆப்பில் காட்டும் பெயரோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள்.

பத்திரிகை டிஜிட்டல் ஆனதும் திருடர்களும் டிஜிட்டல் ஆகிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் 'ஏபிகே' ஃபைல் அனுப்பி, போனையே கைப்பற்றும் மோசடி பற்றி 2024 நவம்பரில் இமாச்சலப் பிரதேச சைபர் போலீஸ் எச்சரித்தது. ஏபிகே என்பது பத்திரிகை கிடையாது, போனில் இன்ஸ்டால் ஆகும் ஆப். நிஜப் பத்திரிகை பிடிஎஃப்பாகவோ படமாகவோ வீடியோவாகவோதான் வரும்; எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். நீங்கள் பத்திரிகை அனுப்பும்போதும் வெறும் ஃபைலாகத் தள்ளாமல், 'மாமா, நான் இன்னார், தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கேன்' என்று ஒரு வரி சேருங்கள். அதைப் பார்த்ததும் தைரியமாகத் திறப்பார்கள்.

அனுப்பும் முன் ஐந்து நிமிடம்

* பிடிஎஃப்பை முதலில் உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் திறந்து எல்லா லிங்க்கையும் தட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் பார்த்தது கணக்கில் சேராது.

* ஒரு புது ஆண்ட்ராய்டு, ஒரு பழைய ஆண்ட்ராய்டு, ஒரு ஐபோன். வீட்டிலேயே மூணும் கிடைக்கும்.

* டிரைவ் லிங்க்கை உங்கள் அக்கவுன்ட் இல்லாத போனில் திறந்து பாருங்கள். அனுமதி சிக்கல் அங்கேதான் வெளிப்படும்.

* அட்டையின் ப்ரூஃபை அதே தாளில், அதே அளவில் அச்செடுத்து, மண்டபத்து மஞ்சள் விளக்கு மாதிரி மங்கலான வெளிச்சத்தில் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்.

* டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு பத்திரிகையை ஒருமுறை படியுங்கள். அப்போதும் கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா?

* கடைசியாக, வீட்டில் வயதில் மூத்தவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு, வாய் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே தட்டணும் என்று அவர் உங்களைக் கேட்டால், டிசைனில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது.